பாத பூஜையும் சம்பளக்காரியும்

எல்லாரும் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். சர்ச்சில் கேட்கிறார்கள், கட்கி பஜாரில் கேட்கிறார்கள், வேலூரிலிருந்து பத்திரிகை வைக்க வரும் சொந்தக்காரர்களும் கேட்கிறார்கள். "நீ கிறிஸ்டியன். இத்தனை வருஷம் சாமியார் மடத்து ஆஸ்பத்திரியில எப்படிம்மா வேலை பார்த்தே? உன்னை வித்தியாசமா நடத்தலையா?"

நடத்தினார்கள். ஆனால் நீங்கள் நினைக்கிற வித்தியாசம் இல்லை. என் கழுத்திலிருந்த சிலுவையை அந்த மடத்தில் ஒருத்தரும் உற்றுப் பார்த்ததுகூடக் கிடையாது. கிறிஸ்துமஸுக்கு லீவு கேட்கும் முன்பே கொடுத்துவிடுவார்கள். அங்கே இருந்தது வேறு பிரிவினை. ஒரு பக்கம் சேவை செய்கிறவர்கள், இன்னொரு பக்கம் சம்பளம் வாங்குகிறவர்கள். நான் சம்பளக்காரி. ரிட்டையர் ஆகும்வரை அதை நினைத்து நினைத்து வயிறு எரிந்தவள். இதைச் சொல்ல எனக்கு வெட்கமெல்லாம் இல்லை.

நான் பிறந்தது கட்கிக்குப் பக்கத்துப் போபோடியில், மராத்திக்காரர்கள் ஊர். அப்பாவுக்குத் தோட்டா ஃபேக்டரியில் வேலை. நர்ஸிங் படித்தேன், கேம்ப் ஏரியாவில் ஒரு நர்ஸிங் ஹோமில் பணக்காரர்களுக்கு ஊசி போட்டுக் கொஞ்ச காலம் ஓட்டினேன். எட்வினைக் கட்டிக்கொண்டேன். பிறகு மடத்து தர்ம ஆஸ்பத்திரியில் ஆள் கேட்கிறார்கள் என்று போனேன். புண் கட்டும் அறையைக் கொடுத்தார்கள். சர்க்கரை வியாதியில் காலில் புண் வந்தவர்கள், ஆறாத புண்ணோடு வருஷக்கணக்கில் நடப்பவர்கள், எல்லாம் நம்ம ஏழை ஜனங்கள்தான். வெளியே ஹாஸ்டல் பையன்கள் சுலோகம் சொல்லும் சத்தம் கேட்கும், சாயங்காலம் ஏழைப் பிள்ளைகளுக்கு டியூஷன் நடக்கும், கிராமங்களுக்கு மருந்து வண்டி கிளம்பும். எனக்கு அந்த அறை ஒன்றுதான் உலகம்.

ஆஸ்பத்திரிப் பொறுப்பு ஒரு சாமியாரிடம். டாக்டருக்குப் படித்துவிட்டுக் காவி கட்டியவர். அவரை எல்லாரும் மகராஜ் என்றுதான் கூப்பிடுவோம். எந்த ஊர், அம்மா அப்பா யார், ஒன்றும் தெரியாது. சந்நியாசியிடம் பழைய வீட்டைப் பற்றிக் கேட்கக் கூடாது என்பது மடத்து வழக்கம். ஹிந்திதான் பேசுவார். மெல்லிசான ஆள். செருப்புச் சத்தமே கேட்காது, திரும்பிப் பார்த்தால் பின்னால் நிற்பார்.

அவர் வைத்த முறையைத்தான் நான் கடைசிவரை செய்தேன். நோயாளி வந்ததும் புண்ணைப் பார்க்கக் கூடாது. முதலில் முகம். "காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்கணும். பொய் சொன்னால் முகத்திலேயே தெரியும். அடுத்து, நல்ல கால். கட்டுப் போட்ட காலை அப்படியே விட்டுவிட்டு மற்றக் காலின் செருப்பைக் கழற்றி, குதிகால், உள்ளங்கால், விரல் இடுக்கு எல்லாம் தடவிப் பார்க்கணும். "தூஸ்ரா பைர், சிஸ்டர்" என்பார் மகராஜ். மற்றக் கால் எங்கே என்று அர்த்தம். கெட்ட காலின் அவசரத்தில் நல்ல காலை யாரும் பார்ப்பதில்லை, அங்கேதான் அடுத்த புண் பிறக்கிறது என்பது அவர் கணக்கு. அப்புறம்தான் கட்டைப் பிரிக்கணும். ஒட்டிய துணியைப் பிய்க்கக் கூடாது, உப்புத் தண்ணீரைச் சொட்டு சொட்டாக விட்டு அது தானாக விடும்வரை காத்திருக்கணும். ஒரு பஞ்சு ஒரு தடவைதான். விரல் இடுக்கில் ஈரம் இருக்கக் கூடாது. கட்டு விரல் பக்கமிருந்து மேலே ஏறணும்.

மாஸ்க் போடாமல் குனிந்து புண்ணை மோந்து பார்ப்பார் மனுஷர். நிமிரும்போதே மருந்தை மாற்று, மாற்றாதே என்று சொல்லிவிடுவார். அது பொய்த்து நான் பார்த்ததில்லை.

ஆனால் என்னைப் பார்த்து ஒரு நல்ல வார்த்தை? கிடையவே கிடையாது. "காஸ் துணி எங்கே? இடுக்கி ஏன் இங்கே கிடக்கு? இவருக்கு நேத்து யார் கட்டினது, இவ்வளவு இறுக்கமா?" இதுதான் எனக்குக் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை ரெண்டு மணி நேரம் வந்து பேண்டேஜ் சுருட்டிவிட்டுப் போகும் சேவகர்களைப் பார்த்தால் போதும், அதே ஆள் கைகூப்பி, தலை சாய்த்து, "தன்யவாத் மா, சிரமம் எடுத்து வந்தீங்க" என்பார். அவர்களில் ரிட்டையர்டு கர்னல் உண்டு, லோஹேகாவ் ஏர்ஃபோர்ஸ் அதிகாரி மனைவிமார் உண்டு, சாஃப்ட்வேர்காரர்கள் உண்டு. அவர்கள் சுருட்டிய பேண்டேஜை நான் திங்கட்கிழமை பிரித்து மறுபடி சுருட்டுவேன்.

மடத்தின் ஆதி குருவுடைய பிறந்த நாள் குளிர் காலத்தில் வரும். அன்றைக்கு என் அறை நோயாளிகள்தான் விருந்தாளிகள். முற்றத்தில் வரிசையாக நாற்காலி போட்டு உட்கார வைப்பார்கள். காலடியில் பித்தளைத் தாம்பாளம் வைத்து, தண்ணீர் விட்டுப் பாதம் கழுவி, துடைத்து, சந்தனம் வைத்து, பூப் போட்டு, விழுந்து கும்பிடுவார்கள். பாத பூஜை. எதிரில் உட்கார்ந்திருப்பது நோயாளி இல்லை, நாராயணன் என்று நினைத்துச் செய்யணும். அப்புறம் பந்தி. பந்தி முடிந்ததும் எச்சில் இலை எடுக்க நான் முந்தி நீ முந்தி என்று அடிதடி. சிரிக்காதீர்கள், கர்னலும் ஒரு டாக்டரம்மாவும் ஒரே இலையை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்ததை என் கண்ணால் பார்த்தேன்.

இதில் எங்கள் வேலை என்ன? நோயாளிகளைக் கூட்டிவந்து உட்கார வைப்பது, தண்ணீர் தூக்குவது, எல்லாம் முடிந்து முற்றத்தை அலம்புவது. தாம்பாளம் யாருக்கு என்பதை மகராஜ் முடிவு செய்வார். சம்பளக்காரர்களுக்கு ஒரு வருஷமும் தந்ததில்லை. நான் வாய்விட்டே கேட்டேன். "மகராஜ், இந்தத் தடவை ஒரு தாம்பாளம் எனக்குத் தாங்க."

"நீங்க ட்யூட்டியில இருக்கீங்களே, சிஸ்டர்" என்று போய்விட்டார்.

வருஷம் பூராவும் இந்தக் கால்களைக் கழுவுவது யார்? சீழ் துடைப்பது யார்? ஒரு நாள் கழுவினால் பூஜை, தினமும் கழுவினால் ட்யூட்டியா? வீட்டுக்கு வந்து பாத்திரத்தை டமால் டமால் என்று வைத்தேன். எட்வின் பேப்பரை இறக்காமலே, "நம்ம சர்ச்சுல பெரிய வியாழனுக்கு ஃபாதர் மட்டும்தானே கால் கழுவுறார்? அங்கேயும் நீ துண்டுதான் மடிச்சுக் குடுக்கிறே. அவர்கிட்டேயும் போய்ச் சண்டை போடேன்" என்றார். எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்ற அந்த மனுஷனைப் போல ஆள் கிடையாது.

இப்படி இருக்கும்போதுதான் கீர்த்தனா வந்து சேர்ந்தாள். கோயம்புத்தூர்ப் பெண், ஐ.டி. வேலை, விமான் நகரில் ஃப்ளாட். "வணக்கமுங்க சிஸ்டர், நீங்க தமிழுங்களா?" என்று சிரித்துக்கொண்டே வந்தது. தமிழ்ப் பிள்ளை என்று முதல் நாள் நானே டீ வாங்கிக் கொடுத்தேன். மற்ற சேவகர்கள் புண்ணைப் பார்த்தால் ஜன்னல் பக்கம் திரும்புவார்கள். இவள் திரும்பவில்லை. சொன்னதைச் சொன்னபடி செய்தாள். நோயாளிகள் பேரெல்லாம் அவளுக்கு ஒரு மாதத்தில் அத்துப்படி. மகராஜ் அவளை மா, மா என்று கூப்பிட்டு அறைக்குள்ளேயே உட்காரச் சொல்லி, எனக்குச் சொல்லாததெல்லாம் அவளுக்கு விளக்கினார். அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்ததே தப்பு என்று எனக்குத் தோன்றிவிட்டது.

அதைவிடக் கொடுமை சக்குபாய். சக்குபாய் என் நோயாளி. போபோடி சந்தில் குடியிருந்து, கட்கி பஜாரில் தள்ளுவண்டியில் கீரையும் கொத்தமல்லியும் விற்கிறவள். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, அந்த வண்டிதான் சோறு. வலது குதிகாலில் பெரிய புண்ணோடு வந்தவளை மாதக்கணக்கில் கட்டுக் கட்டி, பள்ளம் தூர்ந்து ரோஜா நிறத்தில் சதை வரும்வரை கொண்டு வந்தது நான். இந்தப் பெண் வந்த பிறகு, சக்குபாய் அறைக்குள் நுழையும்போதே கழுத்தை நீட்டி மராத்தியில், "என் பொண்ணு எங்கே?" என்று கேட்பாள். என் பொண்ணாம்! கீர்த்தனா வந்தால் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழிப்பாள். என்னிடம், "சிஸ்டர், மெதுவா" என்று மட்டும் சொல்வாள்.

அந்த வருஷம் பாத பூஜைக்கு சக்குபாயின் தாம்பாளத்தை மகராஜ் யாருக்குக் கொடுத்திருப்பார் என்று நான் சொல்ல வேண்டுமா?

வலது காலில் கட்டு இருந்ததால் இடது காலை மட்டும் கழுவணும், நல்ல கால் அதுதான் என்று நானே சொல்லி வைத்தேன். குடத்தில் பச்சைத் தண்ணீர் கொண்டு வைத்ததும் நான்தான். வைத்துவிட்டு அடுத்த நாற்காலிக்காரரை உட்கார வைக்கப் போனேன். சாமியார்கள் மந்திரம் ஆரம்பித்தார்கள். காலைக் குளிர், மூச்சு விட்டால் புகை. கீர்த்தனா என்ன நினைத்தாளோ, சக்குபாய்க்குக் குளிருமே என்று சமையல்கட்டுக்கு ஓடி ஒரு ஜக்கில் வெந்நீர் வாங்கி வந்து தாம்பாளத்தில் ஊற்றி, காலை உள்ளே இறக்கி வைத்திருக்கிறாள். அவள் கை காலின் மேல்புறத்தைத் தடவிக்கொண்டிருந்தது, தண்ணீரில் படவே இல்லை. சக்குபாய்க்கோ சர்க்கரை வியாதியில் அந்தக் காலில் உணர்ச்சி செத்து எவ்வளவோ நாளாகிறது. சூடு தெரிந்தால்தானே கத்துவாள்? கண் மூடி, கைகூப்பி, ராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

நான் திரும்பியபோது எல்லாத் தாம்பாளத்திலும் தண்ணீர் சும்மா இருந்தது. அந்த ஒன்றிலிருந்து மட்டும் ஆவி எழும்பியது.

எப்படி ஓடினேன் என்று தெரியாது. "ஏய், எடுடி காலை!" என்று தமிழில் கத்திக்கொண்டு நடுவில் பாய்ந்தேன். தாம்பாளம் கவிழ்ந்தது. சந்தனக் கிண்ணம் உருண்டது. மந்திரம் நின்றுபோயிற்று. சக்குபாயின் கால் என் மடியில், பாதம் முழுக்கச் சிவந்து கிடந்தது. கீர்த்தனா நீட்டிய கையோடு அப்படியே நின்றாள்.

பின்னாலிருந்து ஒரு அம்மா ஹிந்தியில் சொன்னது என் காதில் நன்றாகவே விழுந்தது. "அந்த சிஸ்டருக்கு அந்தப் பெண்ணைக் கண்டாலே ஆகாது."

ஆகாதுதான். அதற்காகக் கொதிக்கிற தண்ணீரில் கிடக்கிற காலைப் பார்த்துக்கொண்டு நிற்பேனா? நான் நல்லது செய்தாலும் பொறாமையில் செய்ததாகத்தான் எழுதியிருக்கிறது என் தலையில்.

மகராஜ் வந்தார், ஜக்கைத் தொட்டுப் பார்த்தார். என்னைப் பார்த்து, "நீங்க பாருங்க, சிஸ்டர்" என்றார். அவ்வளவுதான். கீர்த்தனா விக்கி விக்கி அழ, அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து, "அழாதே மா, அன்பில் செய்தது" என்று வெகு நேரம் தேற்றினார். சுட்டவளுக்கு ஆறுதல், காப்பாற்றியவளுக்கு வேலை! பல்லைக் கடித்துக்கொண்டு சக்குபாயை உள்ளே தூக்கிப் போனேன்.

மறுநாள் பாதம் முழுக்கக் கொப்புளம். சில நாளில் சுண்டு விரல் கறுக்கத் தொடங்கியது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் காட்ட அழைத்துப் போனோம். சர்ஜன் முழங்காலுக்குக் கீழே பேனாவால் கோடு போடுவது போல விரலை இழுத்துக் காட்டினார். "கறுப்பு மேலே ஏறினால் இங்கே எடுத்துடணும். தினமும் கட்டு மாத்துங்க, பார்ப்போம்." ஒரு காலில் பழைய புண், இன்னொரு கால் போனால் வண்டியை யார் தள்ளுவது?

அதற்கு அடுத்த நாள் சக்குபாய் கட்டு மாற்ற வரவில்லை. மறுநாளும் இல்லை. நானே போபோடி சந்துக்குப் போனேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். கட்டு நனைந்து மஞ்சளாக இருந்தது. நாற்றம் வாசலிலேயே தெரிந்தது.

"எழுந்திரு சக்குபாய், கட்டு மாத்தணும்."

"வேணாம். பூஜை பாதியில நின்னு போச்சு. என் கால்ல பூஜை நின்னு போச்சு. இந்தக் கால் எப்படி ஆறும்? அந்தப் பொண்ணு அழுதுகிட்டே போனா. அவ வந்து முடிக்கட்டும். அதுவரைக்கும் யாரும் தொட வேணாம்."

கெஞ்சினேன். திட்டினேன். சர்ஜன் சொன்னதைச் சொன்னேன். ஒரு கல்லிடம் பேசியிருக்கலாம். கீர்த்தனா அன்றையிலிருந்து மடத்துப் பக்கமே வரவில்லை, ஃபோனும் எடுப்பதில்லை. மகராஜிடம் போய், "நீங்க கூப்பிட்டா வருவா, கூப்பிடுங்க" என்றேன். "நான் கூப்பிட்டால் எனக்காக வருவாள். நீங்கள் போய்க் கூப்பிடுங்கள்" என்றார். பாருங்கள், அதையும் என் தலையில் கட்டினார்.

ஆட்டோ பிடித்து விமான் நகர் போனேன். லிஃப்டில் ஏறும்போது எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. என் நோயாளியைத் தொட நான் இவளிடம் அனுமதி கேட்டு வந்து நிற்கிறேனே! கதவைத் திறந்தவள் என்னைப் பார்த்ததும் அழ ஆரம்பித்தாள்.

"நான் வரலீங்க சிஸ்டர். நான் தொட்டாலே கெட்டுப் போயிருமுங்க."

"நீ அழுது முடிக்கிறதுக்குள்ளே அவ காலை எடுத்துடுவாங்க. அழறதை ஆட்டோவில அழு. செருப்பை மாட்டு."

வந்தாள். வழியெல்லாம் அழுதாள். சந்து முனையில் பூ வாங்கினாள். வாசலில் நிறுத்தி நான் சொன்னேன், "தண்ணி கிண்ணின்னு எடுத்தே, தொலைச்சுடுவேன். பூவை மட்டும் வை."

காலின் பக்கத்தில் பூவை வைத்து, அந்த மண் தரையில் நெற்றி படும்படி விழுந்து கும்பிட்டாள். சக்குபாய் எழுந்து உட்கார்ந்து, அவளைத் தன் பக்கம் இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டு, "இப்ப முடிஞ்சுது" என்றாள். அப்புறம் காலை என் பக்கம் நீட்டினாள்.

அந்தக் காட்சியை நீங்கள் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கீழே நான் முட்டி போட்டு, உப்புத் தண்ணீர் சொட்டுவிட்டு, செத்த தோலைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுகிறேன். மேலே கீர்த்தனாவின் தலையைக் கோதி ஆசீர்வாதம் நடக்கிறது. என்னை ஒருத்தரும் குனிந்துகூடப் பார்க்கவில்லை. கை தன் வேலையைச் செய்தது.

அதற்கப்புறம் தினமும் ரெண்டு பேரும் போனோம். அவள் ஆபீசுக்குப் போகும் முன் வந்து சக்குபாயோடு பேசிக்கொண்டிருப்பாள், நான் கட்டுவேன். சுண்டு விரலை மட்டும் எடுக்க வேண்டி வந்தது. கறுப்பு அதற்கு மேல் ஏறவில்லை. கால் தப்பியது. மழைக்காலம் முடியும்போது சக்குபாய் மறுபடி பஜாரில் நின்றாள். கீர்த்தனா போனால் வெந்தயக் கீரையில் நல்ல கட்டாகப் பொறுக்கி அவள் பையில் திணிப்பாள். நான் போனால் கீரையெல்லாம் கிடையாது, வாடிக்கையாளர் நிற்கும்போதே செருப்பை உதறி, வண்டிச் சக்கரத்தில் காலைத் தூக்கி வைத்து, "பாரு சிஸ்டர்" என்பாள். நடு பஜாரில் குனிந்து பார்த்துவிட்டு வருவேன்.

இதைப் பற்றியும் மகராஜ் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சர்ஜன் அவரிடம் ஃபோனில் என் வேலையைப் பாராட்டினாராம், கீர்த்தனா சொல்லித்தான் எனக்கே தெரியும். சர்ஜனிடம் "அப்படியா" என்று கேட்டுக்கொண்ட மகராஜ், என்னிடம் வந்து "பஞ்சு ஸ்டாக் பார்த்தீங்களா, சிஸ்டர்?" என்றார்.

வருஷங்கள் ஓடிப் போயின. எனக்கும் வயதாகி, ரிட்டையர்மென்ட் வந்தது. சால்வை போட்டார்கள், பிரசாதம் கொடுத்தார்கள். மகராஜ் தலையசைத்தார். வீட்டில் சும்மா உட்கார்ந்து பார்த்தேன், முடியவில்லை. எட்வின்தான், "இனிமேதான் உனக்குச் சம்பளம் இல்லையே. போய்ச் சேவகியாச் சேர்ந்துடு. அவர் வாயால தன்யவாத் வாங்கிட்டு வா" என்று கேலி செய்தார். ஏன் செய்யக் கூடாது? பேரைக் கொடுத்து, சேவகர் பேட்ஜ் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை என் பழைய அறைக்கே போனேன்.

என் இடத்தில் ரேஷ்மா என்று ஒரு பெண் இருக்கிறாள். கெட்டிக்காரிதான். நான் ஓரமாக உட்கார்ந்து பேண்டேஜ் சுருட்டினேன். மகராஜ் வந்தார். இப்போது தடி ஊன்றித்தான் நடக்கிறார். வந்ததும் வராததுமாக, "ரேஷ்மா, காஸ் எங்கே? தூஸ்ரா பைர் பார்த்தியா இல்லையா?" என்று ஒரு அதட்டு. அவள் ஓடினாள். அவர் பின்னாலேயே போய், புண்ணை மோந்து, எதையோ சொல்லி, அவள் கையிலிருந்த இடுக்கியைப் பிடுங்கித் தானே செய்து காட்டி, மறுபடி திட்டினார்.

அப்புறம்தான் ஓரத்தில் இருந்த என்னைப் பார்த்தார். தடியைச் சுவரில் சாய்த்து வைத்தார். ரெண்டு கையும் கூப்பி, தலை சாய்த்து, "தன்யவாத், மா. சிரமம் எடுத்து வந்தீங்க" என்றார்.

என்னை சிஸ்டர் என்று கூப்பிடவில்லை.

வேலையில் சேர்ந்த நாளிலிருந்து நான் ஏங்கிய வார்த்தை. கர்னலுக்குக் கிடைத்தது, கீர்த்தனாவுக்குக் கிடைத்தது, அதே குரலில், அதே அளவில் எனக்கும் கிடைத்துவிட்டது. நானும் கைகூப்பினேன். வேறு என்ன செய்ய?

அவர் போனதும் ரேஷ்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். "பார்த்தீங்களா சிஸ்டர், உங்ககிட்ட எவ்வளவு தன்மையாப் பேசறார்! என்னை ஒரு நாளாவது இப்படி…"

இடுக்கியைப் பிடுங்கிச் செய்து காட்டுவதும் திட்டுவதும் இனி அவளுக்குத்தான், எனக்கு இல்லை. கீர்த்தனாவைப் பார்த்து எனக்கு வந்ததெல்லாம் பொறாமையே இல்லை, இதுதான் என்று, திட்டு வாங்கிச் சிவந்திருந்த அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தபோதுதான் தெரிந்தது.